அடையாளம் சொல்லுதல்: வடசென்னைக் கொட்டகைகள் பற்றி

'அடையாளம்' என்கிற சொல் நம்முடைய சிறுபத்திரிகைகளில் ரொம்பவும் களைத்துப்போன ஒன்று. சாதி அடையாளம், மொழி அடையாளம், அடையாள அரசியல், அடையாள மறுப்பு என்று முப்பது வருஷங்களாக அதை ஓட ஓட விரட்டியிருக்கிறோம். ஆனால் இதே சொல்லுக்குத் தெருவில் வேறொரு பிழைப்பு இருக்கிறது. "அட்ரஸ் கெடக்கட்டும், அடையாளம் சொல்லு" என்று ஷேர் ஆட்டோக்காரர் கேட்கிறபோது அவர் நம் சாதியையோ மொழியையோ கேட்கவில்லை. பக்கத்தில் என்ன இருக்கிறது, எதை வைத்து உன்னைக் கண்டுபிடிப்பது என்றுதான் கேட்கிறார். இந்த இரண்டு அர்த்தங்களும் ஒன்றையொன்று உரசிக்கொள்ளும் இடம் எது என்று யோசிக்க வடசென்னை தோதான இடம். தண்டையார்பேட்டையிலோ வண்ணாரப்பேட்டையிலோ நின்று வழி கேட்டுப் பாருங்கள். வருகிற பதில்களில் பாதி கொட்டகைப் பெயர்களாக இருக்கும். மகாராணி தாண்டி, பாரத் எதிரே, அகஸ்தியா ஸ்டாப்பிங். இதில் அகஸ்தியாவில் 2020க்குப் பிறகு படம் ஓடவில்லை. ஆனாலும் வழி சொல்கிற வேலையை அது விடவில்லை.

இல்லாத ஒன்றை வைத்து வழி சொல்லவும் அதைக் கேட்டுப் போய்ச் சேரவும் ஒரு மக்கள்கூட்டத்தால் முடிகிறதென்றால், அந்தப் பெயருக்குள் செங்கல் சுண்ணாம்பைத் தவிர வேறு ஏதோ இருந்திருக்கிறது. அது என்ன என்பதும், நகரத்தின் 'பாரம்பரியம்' பற்றிய அதிகாரபூர்வச் சொல்லாடலில் அதற்கு ஏன் இடமில்லை என்பதும்தான் இங்கே பேச வேண்டியது.

முதலில் பட்டியலைப் பார்ப்போம். சென்னையின் பாரம்பரியக் கட்டடங்கள் குறித்து இன்று யார் பேசினாலும் 2010இல் உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் போயாக வேண்டும். நீதிபதி இ. பத்மநாபன் குழு தொகுத்த நானூற்றுச் சொச்சம் கட்டடங்கள் அதன்மூலம்தான் பாதுகாக்கப்பட வேண்டியவையாகக் கணக்கில் வந்தன. அந்தக் குழு எதை ஒட்டி உருவானது என்பது சுவாரஸ்யமான விஷயம்: விளம்பரப் பலகைகள். நகரத்தின் அழகிய முகப்புகளை ராட்சசப் பலகைகள் மறைக்கின்றன என்கிற வழக்கின் வழியாகத்தான் பாரம்பரியம் இங்கே சட்டத்துக்குள் நுழைந்தது. ஆக, பாரம்பரியம் என்பது முகப்பு. எது மறைக்கப்படக்கூடாதோ அது.

சினிமாக் கொட்டகை இதற்கு நேரெதிரான கட்டடம். அதன் முகப்பே மறைக்கப்படுவதற்காகக் கட்டப்பட்டது. பேனரும் கட்அவுட்டும் சீரியல் பல்புத் தோரணமும் இல்லாத கொட்டகை செத்த கொட்டகை. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை முகம் மாற்றிக்கொள்ளும் ஒரு கட்டடத்தை, மாறாத முகத்தையே பாரம்பரியம் என்று நம்புகிற பார்வை எப்படிப் பார்க்கும்? தாண்டிப் போய்விடும். போய்விட்டது. 2012இல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் என்று ஒன்று இயற்றப்பட்டுப் பல ஆண்டுகள் நடைமுறைக்கு வராமலே கிடந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வடசென்னையில் அப்படித் தாண்டிப் போகப்படாத கட்டடம் ஒன்று உண்டு, ராயபுரம் ரயில் நிலையம். 1856 ஜூன் கடைசியில் ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்து வைத்தார். ஜூலை 1 அன்று வாலாஜா ரோடு வரை முதல் வண்டி ஓடியது. தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை அது. பம்பாயிலும் ஹவுராவிலும் முதலில் கட்டிய நிலையங்கள் நிற்கவில்லை என்பதால், இந்தியாவில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் என்கிற பெருமையும் இதற்குத்தான். 1922இல் ரயில்வே கம்பெனியின் தலைமையகம் சென்ட்ரல் பக்கத்துக்குப் போனபின் இதைச் சீந்துவாரில்லை. தூண்களில் செடி முளைத்து, கூரை சரிந்து, ஆர்வலர்கள் சத்தம் போட்டபிறகு 2005இல் புதுப்பித்தார்கள். நல்ல காரியம்தான், யாரும் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது எப்படி மீட்கப்பட்டது என்று கவனியுங்கள். ஐயோனியத் தூண்கள், ஹாரிஸ் பிரபு, முதல் வண்டி. அங்கே மூட்டை தூக்கியவன், பாதை போட்டவன், கரி அள்ளியவன் யாரும் அந்த மீட்புக் கதைக்குத் தேவைப்படவில்லை. ஒரு கட்டடம் பாரம்பரியம் ஆவதற்கு அதன் சுற்றுப்புறத்தைக் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டியிருக்கிறது. செருப்பை வெளியில் விட்டு உள்ளே போகிற மாதிரி.

இத்தனைக்கும் ராயபுரத்துக்குப் பெயரே உழைப்பாளிகள் வைத்தது. புனித பேதுரு என்கிற ராயப்பர் பெயரில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் படகுக்காரர்கள் எழுப்பிய கோயிலைச் சுற்றியது அது. துறைமுகம் வருவதற்கு முன் கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் மசூலாப் படகு வலித்தவர்கள் அவர்கள். அதே ராயபுரத்தில் 1910இல் பார்சிகள் நெருப்புக்கோயில் கட்டினார்கள். இவையெல்லாம் வழிபாட்டிடங்கள். ஒவ்வொன்றும் தன் ஜனத்துக்கு மட்டும் கூரை. சம்பந்தமில்லாத ஜனங்கள் ஒரே கூரைக்குக் கீழே வந்து உட்கார்ந்த இடம் எது என்ற கேள்விக்கு வரும்போதுதான் கொட்டகை தவிர்க்க முடியாததாகிறது.

*

கா. சிவத்தம்பி 1981இல் வெளியிட்ட, தமிழ் சினிமாவை அரசியல் தொடர்புச் சாதனமாகப் பார்க்கும் சிறுநூலில் ஒரு வாதம் உண்டு. நாமெல்லோரும் நூறுமுறை மேற்கோள் காட்டிய வாதம். தமிழர் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் நிகழ்த்துகளம் சினிமாக் கொட்டகை. அங்கே எங்கே உட்காருவது என்பதைப் பிறப்பு தீர்மானிக்கவில்லை, கையிலிருந்த காசு தீர்மானித்தது என்பது அதன் சாரம். கோயில் மண்டபத்தில் நிகழாத ஒன்று, சபா நாடகத்தில் நிகழாத ஒன்று, தரை டிக்கெட்டில் நிகழ்ந்தது. இதை மறுக்க முடியாது. ஆனால் சென்னையின் வரைபடத்தில் வைத்து வாசித்தால் இந்தக் கூரையில் ஒரு விரிசல் தெரிகிறது.

1973 மே மாதம் 'உலகம் சுற்றும் வாலிபன்' வந்தபோது சென்னையில் அது வெளியான கொட்டகைகள்: தேவி பாரடைஸ், அகஸ்தியா, உமா. 1979இல் 'திரிசூலம்': சாந்தி, கிரவுன், புவனேஸ்வரி. அந்தக் காலத்து தினத்தந்தி விளம்பரங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் மும்மூன்றாகத்தான் நாக்கில் வரும். பாட்டு மாதிரி. இது தற்செயலான அடுக்கு இல்லை. முதல் பெயர் மவுண்ட் ரோடு. இரண்டாவது வடசென்னை. மூன்றாவது புரசைவாக்கம். படம் ஒன்றுதான், நாளும் ஒன்றுதான். ஆனால் நகரம் மூன்று அறையாகத் தடுக்கப்பட்டிருக்கிறது. தண்டையார்பேட்டைக்காரன் மவுண்ட் ரோடுக்குப் போக வேண்டிய அவசியமில்லை. மயிலாப்பூர்க்காரன் தண்டையார்பேட்டைக்கு வர வேண்டிய அவசியம் அறவே இல்லை. ஒரே கூரை என்று நாம் கொண்டாடியது உண்மையில் மூன்று கூரை.

இந்தத் தடுப்பு எப்போது விழுந்தது என்று பின்னோக்கிப் போனால் ஆச்சரியம் காத்திருக்கிறது. மச்சிலிப்பட்டினத்திலிருந்து வந்து சென்னையில் புகைப்பட ஸ்டூடியோ வைத்திருந்த ரகுபதி வெங்கய்யா, 1910இல் குரோனோமெகபோன் என்கிற கருவியை வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டியவர். சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் சினிமாக் கொட்டகை அவருடையது. அவர் கட்டியவை மூன்று. மவுண்ட் ரோடில் கெயிட்டி. தங்கசாலைத் தெருவில் கிரவுன். புரசைவாக்கத்தில் குளோப், பின்னாளில் அது ராக்ஸி. அதே மூன்று அறைகள்! சினிமா பேசத் தொடங்குவதற்குப் பல வருஷம் முன்பே நகரத்தின் வர்க்க வரைபடத்தைத் தொழிலாகத் தெரிந்துவைத்திருந்தார் அந்த மனிதர். அறுபது வருஷம் கழித்துச் செய்தித்தாள் விளம்பரம் அதையே திரும்ப எழுதியது. வடக்கு அறை மட்டும் தங்கசாலையிலிருந்து தண்டையார்பேட்டைவரை மெல்ல மேலே நகர்ந்தது, தொழிற்சாலைகள் நகர்ந்த திசையில்.

இந்த மூன்று அறைகளும் நினைவில் சமமாக இல்லை என்பதுதான் அடுத்த விஷயம். வார்விக் மேஜர் என்கிற ஆங்கிலேயர் 1913இல் மவுண்ட் ரோடில் தொடங்கிய எலக்ட்ரிக் தியேட்டர் இரண்டே வருஷம்தான் ஓடியது. அஞ்சல்துறை வாங்கிக்கொண்டது. ஆனால் அந்தக் கட்டடம் அண்ணா சாலை அஞ்சலக வளாகத்துக்குள் தபால்தலைப் பிரிவாகப் பத்திரமாக இருக்கிறது, எல்லோரும் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். இரண்டு வருஷம் ஓடியது நிற்கிறது. பல தலைமுறைகளுக்குப் படம் காட்டிய கிரவுன் இல்லை. எலக்ட்ரிக்குக்கும் முன்பு, 1911இல், க்ளக் என்ற பெண்மணி பிராட்வேயில் பயாஸ்கோப் ஒன்று நடத்தினார். அந்த இடத்தைச் சுட்டிக்காட்டக்கூட இன்று ஆளில்லை.

தங்கசாலைக்கு மேற்கே வால்டாக்ஸ் ரோடுக்குப் போனால் கதை இன்னும் பழையது. பிரெஞ்சுக்காரர்கள் முற்றுகையிட்டுப் போனபின் கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பிய கம்பெனி, அந்தச் செலவை ஜனங்களிடம் வரியாக வசூலிக்கப் பார்த்தது. வரி வசூலாகவில்லை, பெயர் மட்டும் தங்கியது. வசூலாகாத வரிக்கு ஒரு தெரு என்பதை வடசென்னையின் முதல் வெற்றியாக எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தெருவில் இருந்தது ஒற்றைவாடைக் கொட்டகை. ஒரு பக்கம் மட்டும் கட்டட வரிசை உள்ள தெரு ஒற்றைவாடை. எதிர்ப்பக்கம் ரயில்வேக்காரன் இடம். கம்பெனி நாடகக் குழுக்கள் பட்டணத்துக்கு வந்தால் இறங்குகிற மேடை அதுதான். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபையில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் நடித்தார்கள். அவர்களுக்கு விக்டோரியா பப்ளிக் ஹால் இருந்தது. பாய்ஸ் கம்பெனிப் பையன்களுக்கு ஒற்றைவாடை. 'சபா', 'கொட்டகை' என்ற இரண்டு சொற்களுக்கு நடுவில் ஒரு சாதி-வர்க்கக் கோடு ஓடுகிறது. தமிழில் மாட்டுக்கும் கொட்டகை, நாடகத்துக்கும் கொட்டகை. 'அரங்கம்' என்பது பிற்பாடு வந்த மரியாதை. விக்டோரியா ஹாலைப் பல கோடி செலவழித்துப் புதுப்பித்திருக்கிறார்கள். ஒற்றைவாடை பத்மநாபா என்கிற சினிமாக் கொட்டகையாக மாறி, அதுவும் ஓய்ந்தது.

முதல் தமிழ்ப் பேசும்படம் என்று சொல்லப்படும் 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று வெளியானதும் இந்தப் பக்கத்தில்தான், கினிமா சென்ட்ரலில். பின்னாளில் முருகன் டாக்கீஸ் என்று ஆனது. பம்பாயிலிருந்து ரயிலில் வந்த பெட்டியை வால்டாக்ஸ் ரோடு வழியாகப் பூப்போட்டு, தேங்காய் உடைத்து ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள் என்று சினிமா வரலாறுகளில் எழுதியிருக்கிறார்கள். கொஞ்சம் மிகையாக இருந்தாலும் இருக்கட்டும். 'பொட்டி வந்துடுச்சா' என்கிற கேள்வி அதற்குப்பிறகு எழுபது வருஷம் அந்தத் தெருக்களில் கேட்டது.

*

கொட்டகை எப்படி வேலை செய்தது என்று தெரியாமல் அதன் அரசியலைப் பேசுவதில் பயனில்லை. நம்முடைய சினிமா விமர்சனங்கள் திரையைப் பார்த்தே எழுதப்பட்டவை. திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதிப் பார்த்தால் வேறொன்று தெரியும்.

டிக்கெட் கவுண்டருக்குப் போகிற வழி கம்பிக்கூண்டு. ஒருத்தர் மட்டும் நுழையலாம், திரும்ப முடியாது, விசிலடித்தால் வெளியில் நிற்கிற ஆள் கம்பி வழியாகக் குச்சியை நீட்டுவான். ஜெயில் கட்டடக் கலைக்கும் கொட்டகைக் கியூவுக்கும் உள்ள உறவைப் பற்றி ஃபூக்கோ எழுதவில்லை; எழுதியிருக்கலாம். கூண்டைத் தாண்டி உள்ளே போனால் தரை, பெஞ்சு, சேர், மேலே பால்கனி. தரையில் திரைக்குப் பக்கத்தில் உட்காருகிறவனுக்கு நாயகனின் முகம் முழுசாகத் தெரியாது, மூக்கு மட்டும் பெரிசாகத் தெரியும். ஆனால் சத்தம் அவனுடையது. எந்த வசனத்துக்குக் கை தட்டுவது, எப்போது சில்லறை வீசுவது, எந்தப் பாட்டை 'ஒன்ஸ்மோர்' கேட்டு ஆபரேட்டரைத் திரும்பப் போட வைப்பது என்பதைத் தரைதான் முடிவு பண்ணியது. அதிகக் காசு கொடுத்த பால்கனி அதை வேடிக்கை பார்த்தது. காசு இடத்தைத் தீர்மானித்தது என்று சிவத்தம்பி சொன்னது சரி; நிகழ்ச்சியை யார் நடத்தினார்கள் என்பதைக் காசு தீர்மானிக்கவில்லை.

மேலே கேபினில் இரண்டு புரொஜெக்டர். ஒவ்வொன்றிலும் இரண்டு கார்பன் குச்சிகள் முட்டிக்கொள்கிற மாதிரி நெருங்கி, நடுவில் எரிகிற வெள்ளைத் தீயில்தான் படம். குச்சி எரிய எரிய இடைவெளி கூடும்; ஆபரேட்டர் விடாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் திரை மங்கும், கீழேயிருந்து அவன் அம்மாவைத் திட்டுவார்கள். ஒரு ரீல் முடிகிற நொடியில் அடுத்த மெஷினுக்கு மாற்ற வேண்டும். ஒரே பிரதியை வைத்து இரண்டு கொட்டகை ஓட்டினால் முடிந்த ரீல்களைச் சைக்கிளில் வைத்து மிதித்துக்கொண்டு போக ஒரு பையன். வெக்கை, புகை, பன்னிரண்டு மணி நேர வேலை. தொழிற்சாலையிலிருந்து தப்பித்து வந்தவன் உட்கார்ந்திருந்தது இன்னொரு தொழிற்சாலையின் மடியில்தான்.

நேரமும் அப்படித்தான். எண்ணூரில் அசோக் லேலண்ட் 1948இல் வந்தது. திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டி ஆலை அதற்கும் முந்தியது, எம்.ஆர்.எஃப். 1946இல் அங்கே பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கியது, 1955இல் என்பீல்டு. தெற்கே துறைமுகம், மேற்கே பெரம்பூரில் பின்னி. இத்தனைக்கும் ஷிப்டு. நைட் ஷிப்டு முடித்தவன் மேட்னிக்குப் போய்த் தூங்குவான். வீட்டில் ஒற்றை அறை, குழந்தைகள், தகரக் கூரை. கொட்டகையில் காற்றாடி உண்டு, இருட்டு உண்டு, மூன்று மணி நேரம் யாரும் எழுப்பமாட்டார்கள். படம் பார்க்கிற இடம் என்பதைவிடப் பகலில் இருட்டு கிடைக்கிற இடம் என்பதுதான் பலருக்கு அதன் பயன். இதை எந்தச் 'சினிமா ரசனை'க் கட்டுரையிலும் காணோம். காசிமேட்டில் ஏலம் முடித்துக் கூடையைக் கவிழ்த்துவிட்டு வருகிற பெண்களுக்கும் மேட்னிதான். கோயிலைத் தவிர, ஒரு பெண் காசு கொடுத்தோ கொடுக்காமலோ பொதுவெளியில் மூன்று மணி நேரம் சும்மா உட்கார இருந்த இடம் இது ஒன்றே. அழுவதற்கு வந்தார்கள் என்று நம் முற்போக்குக் காரர்கள் ரொம்ப காலம் நக்கல் அடித்தார்கள். அழட்டுமே. எங்கே அழுவது?

இதைச் சொர்க்கமாகவும் ஆக்கிவிடக் கூடாது. பெண்கள் கியூவில் நடந்ததைப் பெண்களிடம் கேட்க வேண்டும். ரசிகர் மன்றச் சண்டையில் மண்டை உடைந்தது, பிளாக் டிக்கெட்டைச் சுற்றி ரௌடிகள் வளர்ந்தது, இதெல்லாம் அதே கூரையில்தான். 'ஒரே கூரை' என்பதையும் அளந்துதான் பேச வேண்டும். வெங்கய்யாவின் கொட்டகைகள் எழும்பிய அதே தசாப்தத்தின் கடைசியில், 1918இல், பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்து மெட்ராஸ் லேபர் யூனியன் உருவானது. மூன்றே வருஷத்தில், 1921 வேலைநிறுத்தத்தில், அந்தத் தொழிலாளர்களே சாதி இந்துக்களும் இஸ்லாமியர்களும் ஒரு பக்கம், ஆதிதிராவிடர்கள் மறுபக்கம் என்று பிளந்து புளியந்தோப்பு எரிந்தது. தரையில் தோளோடு தோள் உட்கார்ந்தவர்கள் ஆலை வாசலில் சேரவில்லை. கொட்டகை சாதியை ஒழித்தது என்று எழுதுகிறவர்கள் புளியந்தோப்பை எங்கே வைப்பார்கள் என்று தெரியவில்லை. இருட்டில் மூன்று மணி நேரம் சாதி தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவும்கூட வேறு எங்கே கிடைத்தது என்று திருப்பிக் கேட்கலாம்.

*

அகஸ்தியா 1967இல் திறந்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள். கொரோனா முடக்கத்தில் மூடிய கதவு 2020இல் நிரந்தரமாக மூடியது. அதற்கு நான்கு வருஷம் முன்பு மவுண்ட் ரோடில் சாந்தி போனபோது தலையங்கம் எழுதாத பத்திரிகை இல்லை. அகஸ்தியாவுக்குச் செய்தி வந்தது, சில நினைவுக் குறிப்புகள் வந்தன. 2014இல் 'மெட்ராஸ்', 2018இல் 'வடசென்னை', 2021இல் 'சார்பட்டா பரம்பரை' என்று வடசென்னை திரையில் ஒரு வகைமையாகவே ஆகிவிட்ட காலத்தில்தான் வடசென்னையின் திரைகள் அணைந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். நம்மைப் பற்றிய படத்தைப் பார்க்க நாம் மாலுக்குப் போக வேண்டும். அங்கே தரை டிக்கெட் கிடையாது. 'மெட்ராஸ்' படத்தில் ஒரு சுவரை யார் பிடித்து வைத்திருப்பது என்பதுதான் முழுக் கதையும். யாருடைய முகம் அதில் எழுதப்படுகிறதோ அவருடைய ஏரியா. அடையாளத்தின் இரண்டு அர்த்தங்களும் முட்டிக்கொள்கிற இடத்தை அந்தப் படம் நம்முடைய கட்டுரைகளைவிடத் துல்லியமாகப் பிடித்தது.

பெயர் யார் கையில் இருக்கிறது என்பது சின்ன விஷயமில்லை. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்டது. வழியில் காலடிப்பேட்டை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடியேற்றிய காலெட்பேட்டை. ஜனங்கள் துரையின் பெயரைக் காலடிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இதுவும் வசூலாகாத வரி மாதிரிதான். டோல்கேட் சுங்கச்சாவடி ஆகியிருக்கிறது, ஆனால் வண்டியிலிருந்து இறங்குகிறவர்கள் டோல்கேட் என்றுதான் இறங்குகிறார்கள். விம்கோ ஆலை இல்லை. நிறுவனத்தின் பெயர் ரயில் நிலையமாக நிற்கிறது. அங்கே குச்சி அடுக்கியவர்களின் பெயரை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஒரு நிறுத்தத்துக்காவது அவர்கள் படம் பார்த்த கொட்டகையின் பெயர் வந்திருக்கலாம். மாநகரப் பேருந்து நடத்துனர்கள் அந்தப் பெயர்களைத்தானே இன்றும் கூவுகிறார்கள்.

வேறு மாதிரி நடந்த ஊர் உண்டா என்றால், உண்டு. கப்பல் கட்டிய இன்னொரு நகரம், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ. அங்கே நகர மையத்தில் ட்ரான்கேட் தெருவில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் திறந்த பிரிட்டானியா என்கிற கேளிக்கைக் கொட்டகை. பின்னாளில் பனோப்டிகான் என்று பெயர் சேர்ந்தது. கப்பல் பட்டறைக்காரர்களும் ஆலைப் பெண்களும் வந்து குவிந்த இடம். பிடிக்காத நடிகன்மேல் கையில் கிடைத்ததை எறிவார்கள். நம்ம தரை டிக்கெட் தேவலாம் என்று தோன்றும். லாரல்-ஹார்டியின் லாரல் பையனாக முதன்முதலில் மேடையேறியது இங்கேதான், 1906இல். 1938இல் மூடினார்கள். கீழே கடை வந்தது, மேலே பொய்க்கூரை அடித்து மறைத்தார்கள், ஐம்பது வருஷத்துக்குமேல் அப்படியே கிடந்தது. 1990களில் சிலர் கூடி அதைத் திரும்ப எடுத்தார்கள். அவர்கள் மீட்டது தூண்களை மட்டுமல்ல. தரைப்பலகையைப் பெயர்த்து அதற்கடியில் விழுந்து கிடந்தவற்றைப் பொறுக்கினார்கள்: சட்டைப் பொத்தான், சிகரெட் அட்டை, கிழிந்த டிக்கெட். அவற்றையே காட்சிக்கு வைத்தார்கள். கட்டடத்தைப் பார்வையாளர்களின் பக்கத்திலிருந்து வாசித்த ஒரு முறை அது. பிரிட்டன் பாரம்பரியத்தின் தாய்வீடு, எல்லாக் கற்களையும் கொண்டாடுகிறவர்கள் என்று சொல்லித் தள்ளிவிடலாம். ஆனால் நம் பாரம்பரியக் குழுக்கள் அவர்களிடமிருந்து முகப்பை மட்டும் கற்றுக்கொண்டதற்கு அவர்கள் பொறுப்பில்லை.

இங்கே இடிபட்ட கொட்டகைகளின் தரைக்கடியில் இருந்தது லாரியில் போய்விட்டது. மிச்சம் காகிதத்திலும் ஆட்களிடமும் இருக்கிறது. கேளிக்கை வரிக்காக ஒவ்வொரு காட்சிக்கும் எழுதப்பட்ட டி.சி.ஆர். ஏடுகள்: எத்தனை தரை, எத்தனை பெஞ்சு, எத்தனை சேர் விற்றது, எந்தக் கிழமை, எந்தப் படம். ஷிப்டு மாறிய வாரத்தில் மேட்னி எப்படி ஏறி இறங்கியது, வேலைநிறுத்த மாதத்தில் தரை டிக்கெட் என்ன ஆனது என்பதை அதிலிருந்து எழுதலாம். அப்படியொரு தொழிலாளர் வரலாறு தமிழில் இன்னும் எழுதப்படவில்லை. 1955ஆம் வருஷச் சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் சி பாரம் லைசென்சுக்காகக் கொடுக்கப்பட்ட வரைபடங்கள் அரசு அலுவலகக் கட்டுகளில் இருக்கும், அவற்றில் கியூக்கூண்டின் அகலம்கூட அளந்து போட்டிருக்கும். 2017இல் ஜி.எஸ்.டி. வந்து வரிக்கணக்கின் முறையே மாறியபின் பழைய ஏடுகளை வைத்திருக்க யாருக்கும் காரணமில்லை. பிட் நோட்டீசு சேர்த்து வைத்தவர்கள் ராயபுரம் சந்துகளில் இருக்கிறார்கள். கார்பன் சூட்டில் கண் கெட்ட ஆபரேட்டர்கள் இருக்கிறார்கள், ரீல் பெட்டியோடு சைக்கிள் மிதித்த பையன்களுக்கு இப்போது அறுபது தாண்டியிருக்கும். எடைக்குப் போவதற்கு முன் அந்த ஏடுகளை யாராவது கேட்டு வாங்க வேண்டும். ஒரு டேப் ரெக்கார்டரோ செல்போனோ எடுத்துக்கொண்டு அவர்களிடம் போக வேண்டும். வீடு தெரியாவிட்டால் பரவாயில்லை. அடையாளம் கேட்டால் சொல்வார்கள்.